பஞ்சாயத்தும் என் இரண்டாவது மானிட்டரும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், பஞ்சாயத்தின் முன்னால் ஒருமுறையாவது கைகட்டி நிற்காத கணினி என்று ஒன்று இருந்தால், அது இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வராத கணினியாகத்தான் இருக்க வேண்டும்.

பஞ்சாயத்து என்பது பட்டப்பெயர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கைபேசி வழியாகக் காசு அனுப்பினால் திரையில் வருவதும் அவருடைய மனைவியின் பெயர்தான். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை. அதில் பாதி இடத்தைப் பிரித்துப்போட்ட கணினிகள் அடைத்துக்கொண்டிருக்கும். மீதிப் பாதியை அவருடைய வயிறு அடைத்துக்கொண்டிருக்கும். கணினி ரிப்பேர்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

“ரிப்பேர் எவன் வேணா பண்ணுவான் சார். நான் விசாரிக்கறவன்” என்பார்.

அவருடைய கொள்கைப்படி உலகத்தில் எந்தச் சாமானும் தானாகக் கெட்டுப்போவதில்லை. அதற்கும் பக்கத்துச் சாமானுக்கும் மனஸ்தாபம் வருகிறது, அவ்வளவுதான். ஆகவே இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும். பார்த்த சாட்சிகளையும் கேட்க வேண்டும், அதுவும் தனித்தனியாக. அது முடியும்வரை ஸ்க்ரூ டிரைவர் பையிலேயே இருக்கும்.

இந்த முறையில் அவர் அடைந்த வெற்றிகளைவிடத் தோல்விகள்தான் புகழ்பெற்றவை. விழுப்புரத்தில் பத்திரம் டைப் அடிக்கும் கடை ஒன்றில் பிரிண்டர் பாதிப் பக்கம் அடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. பஞ்சாயத்து போய், அங்கே வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராகப் பின்னறைக்குக் கூப்பிட்டு, “நேத்து சாயந்திரம் பிரிண்டர் நின்னப்ப நீ எங்க இருந்த? யார் கூட இருந்த?” என்று விசாரித்தார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ஒரு பையன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். பிரிண்டர் கடைசிவரை பாதிப் பக்கம்தான் அடித்தது. ஆனால் அந்த இருவருக்கும் அடுத்த வைகாசியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ வரிசையில் பஞ்சாயத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள், பட்டப்பெயரைத்தான்.

விசாரணைக்கு வந்தால் டீ குடிக்கமாட்டார். டீ குடித்தால் புத்தி ஒரு பக்கமாகச் சாயும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கேப்பைக் கூழ் கொடுத்தால் குடிப்பார். இல்லையென்றால் சட்டைப்பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து உரித்துக்கொண்டிருப்பார். பழைய சாமான்களை ‘நீ’ என்பார். புதுச் சாமான்களிடம் பேசும்போது குரலே மாறிவிடும். “வாங்க, உக்காருங்க, ஒயரு எங்க உங்களுக்கு?” என்று அவர் ஒரு கீபோர்டிடம் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்த கதைதான் இது.

நான் பிழை திருத்துகிறவன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைடு போடும் ஒரு பதிப்பகத்தின் விழுப்புரம் கிளையில் உட்கார்ந்து ஒற்றெழுத்துகளை வேட்டையாடிக்கொண்டிருந்தேன். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறுவது, சாயங்காலம் திரும்புவது, நடுவில் வல்லினம் மிகுமா மிகாதா என்று கவலைப்படுவது என்று வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கிளையை மூடிவிட்டார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வந்துவிடலாம், அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார்கள். வீட்டிலிருந்து என்றால் இரண்டு மானிட்டர் வேண்டும். ஒன்றில் ஆசிரியர் எழுதியது, மற்றொன்றில் அச்சுக்குப் போவது. இரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடுவதை ஒரு திங்கட்கிழமை வீடியோ காலில் காட்ட வேண்டும். ஓடினால் திண்டிவனம், ஓடாவிட்டால் சென்னை.

நான் சென்னைக்குப் போக முடியாததற்கான காரணம் அடுத்த அறையில் படுத்திருந்தது. என் மாமனார் சவரிமுத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலோடு இருந்தார். என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் பாத்திரம் வைக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் நான் ஒருவன்தான். கூப்பிடுவதற்கு வசதியாக, அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பெல் பொத்தான் வைத்து, பெல்லை என் மேசைக்கு மேலே மாட்டியிருந்தேன். பழைய காலத்து டிங்டாங் பெல். ஊருக்கே கேட்கும்.

புது மானிட்டர் வந்தது. ஸ்டெல்லா அதன்மேல் சிலுவை வரைந்து, கொஞ்சம் தீர்த்தமும் தெளித்தாள். நான் கேபிளைச் செருகினேன். இரண்டு திரைகளும் ஒரு கணம் பிரகாசித்தன. பிறகு இரண்டும் அப்படியே உறைந்தன. மவுஸ் அம்பு ‘இயற்பியல்’ என்ற சொல்லின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. கேபிளைப் பிடுங்கினால் உயிர் வரும். செருகினால் போகும். நான் படித்த இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை.

பஞ்சாயத்துக்கு போன் செய்தேன்.

“போன்ல தீர்ப்பு சொல்றது கெடையாது சார். சாமான் மூஞ்சியப் பாக்கணும். வர்றேன்.”

மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். உள்ளே வந்ததும் புது மானிட்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். பழையதன் தலையில் தட்டினார். கூழ் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை எதிரில் உட்கார வைத்தார்.

“எப்படி நின்னுச்சு? ஓடிக்கினு இருக்கும்போது நின்னுச்சா, நிக்கறதுக்குன்னே வந்துச்சா?”

“செருகின உடனே நின்னுடுச்சுண்ணா.”

“நீங்க அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

“பயந்துக்கிட்டு இருந்தேன்.”

அதைக் கேட்டுக்கொண்டு என்னை வெளியே அனுப்பினார். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். எனக்குக் கதவுக்கு வெளியிலும் கேட்டது.

“டீச்சரம்மா, தீர்த்தம் தெளிச்சீங்களாமே. எந்தப் பக்கம்?”

“முன்னாடிதாங்க. லேசா.”

“பின்னாடி தெளிக்கலியே?”

“இல்லைங்க. பின்னாடி ஒயர் இருக்குதுல்ல, எனக்குத் தெரியாதா?”

“அப்ப மாதாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க போலாம்.”

இவ்வளவு நுட்பமாக விசாரித்துவிட்டு அவர் கொடுத்த முதல் தீர்ப்பு, குற்றவாளி மவுஸ் என்பது. அம்பு ஏன் நகரவில்லை, மவுஸ் நகர்த்தவில்லை, அதனால்தான் என்று விளக்கினார். மவுஸைக் காவலில் எடுத்துக்கொண்டு விழுப்புரம் போய்விட்டார். சில நாள் கழித்து, அந்த வழியாக வந்த ஒரு கண்டக்டரிடம் அதைக் கொடுத்தனுப்பினார். கூடவே போனும் வந்தது. “நிரபராதி சார் அது. நல்ல பையன். திட்டாதீங்க.”

இரண்டாம் முறை வந்தபோது வேறு ஒரு கேபிளும் தெளிந்த முகமுமாக வந்தார். கணினியின் உள்ளே படம் காட்டும் மென்பொருளைப் புதுசாகப் போட்டார். நாலு பொத்தான்களை ஒன்றாக அமுக்கி, உறைந்த திரையை எழுப்பும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். கடைசியில் இரண்டு மானிட்டர்களின் வேகத்தையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இதான் சார் பேஜாரு. பழசு நொடிக்கு அறுபது வாட்டி படம் மாத்துது. இவங்க எழுவத்தஞ்சு வாட்டி மாத்தறாங்க. ஒருத்தர் நடக்கறாரு, ஒருத்தர் ஓடறாரு. ரெண்டு பேரும் ஒரே கொடையில எப்படிப் போவ முடியும்?”

புதியதை அறுபதுக்கு இறக்கினார். இறக்கும்போது அதனிடம் மன்னிப்பும் கேட்டார். திரைகள் ஓடின. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவசரப்படாதீங்க. இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்குது” என்று அடுத்த அறையைக் காட்டினார்.

“மாமாவா? மாத்திரை போட்டுத் தூங்குறாருண்ணா. அவருக்குக் கம்ப்யூட்டர்லாம் தெரியாது.”

பஞ்சாயத்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினார்.

அவர் சந்தேகப்பட்டது சரிதான். செருகியதும் நிற்பது போய்விட்டதே தவிர, திடீர் திடீரென்று நிற்பது போகவில்லை. அதிலும் ஒரு விசித்திரம். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஓடும். எழுந்து போய்விட்டு வந்தால் உறைந்திருக்கும். என்னைப் பிரிந்து இருக்க முடியாத அளவுக்கு அதற்கு என்மேல் பிரியம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். வீட்டில் ஒரு சாமானுக்காவது அப்படி இருப்பது நல்லதுதான் என்றாள்.

திங்கட்கிழமை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. சென்னையில் ஒரு மேன்ஷன் அறை, ஜன்னல் இல்லாத ஒரு சுவர், திண்டிவனத்தில் பகல் முழுக்க ஒற்றையாக மாமா என்று கண்ணுக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் உறையாமல் ஓடியது.

அப்புறம் ஓர் அதிசயம் நடந்தது. அந்த வாரக் கடைசியில் திரை நிற்கவே இல்லை. காலையில் போட்டால் சாயங்காலம்வரை ஆடாமல் அசையாமல் உழைத்தது. தீர்த்தம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாள் ஸ்டெல்லா. தினமும் நான் அணைத்துப் போட்டதால்தான் சரியாயிற்று என்றேன் நான். பஞ்சாயத்துக்கு போன் செய்து, கேபிளுக்கு நன்றி சொன்னேன்.

எதிர்முனையில் மகிழ்ச்சியே இல்லை.

“ஏன் நின்னுக்கினு இருந்துச்சு?”

“தெரியலண்ணா. ஆனா இப்ப ஓடுது.”

“ஏன் ஓடுது?”

“அதுவும் தெரியல.”

“ரெண்டும் தெரியாம எப்படி சார் கேஸ முடிக்கறது? தானா போன வியாதி தானா வரும். நாளைக்கி ஞாயித்துக்கெழம. நீங்க பூசைக்குப் போயிட்டு வந்துடுங்க. நான் வந்துடறேன்.”

கூப்பிடாத வீட்டுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை விசாரிக்க, பஸ் ஏறி வருகிற ஒரு மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலிலிருந்து திரும்பியபோது வாசலில் நின்று மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். கணினி இருந்த பக்கம் திரும்பவேயில்லை. நேராக மாமாவின் அறைக்குள் போய், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கண்டக்டரே, வணக்கம். நான்தான் பஞ்சாயத்து.”

“தெரியும். மவுஸ குடுத்தனுப்பிச்சிங்களே, அந்தப் பையன் நம்ம டிப்போதான்” என்றார் மாமா. உட்கார முடியாதவர், தலையணையில் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டார்.

நான் வழக்கம்போல் குறுக்கிட்டேன். “அண்ணா, அவர் படுக்கையில இருக்காரு. அவருக்கு என்ன தெரியும்?”

“இடுப்புதான சார் படுத்துக்கினு இருக்குது. கண்ணும் காதும் படுத்துக்கினா இருக்குது? நீங்க வெளிய இருங்க.”

நான் வெளியே போகவில்லை. நிலைப்படியில் நின்றேன். ஸ்டெல்லாவும் வந்து நின்றாள்.

“சொல்லுங்க கண்டக்டரே. இங்கேருந்து பாத்தா அந்த ஸ்க்ரீன் தெரியுதா?”

“நல்லா தெரியும். நாள் முழுக்க அத்ததான் பாத்துக்கினு இருக்கறேன். எனக்கு வேற இன்னா வேலை?”

“அது எப்ப நிக்குது?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“நான் பெல் அடிச்சா நிக்குது.”

பஞ்சாயத்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

“மொதல்ல எனக்கே தெரியல. நான் அடிப்பேன், மாப்ள எழுந்து இங்க வருவாரு. அவரு முதுகுக்குப் பின்னாடி அந்த லைட்டு ஒரு வாட்டி அவிஞ்சு எரியும். அப்புறம் அப்படியே நின்னுடும். அவரு திரும்பிப் போய்த் தலைல கை வெச்சிக்கினு உக்காருவாரு. நாலஞ்சு வாட்டி பாத்தேன். பஸ்ல ஒரு விசில் குடுத்தா நிக்கும், ரெண்டு விசில் குடுத்தா கெளம்பும். அதான், ரெண்டு வாட்டி அடிச்சும் பாத்தேன். கெளம்பல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. அடிக்கறத நிறுத்திட்டேன்.”

“தண்ணி வேணும்னா?”

“மாப்ள எப்பனா தானா வருவாருல்ல, அப்ப கேட்டுக்குவேன்.”

“அவசரம்னா?”

மாமா சிரித்தார். “திங்கக்கெழம வரைக்கும்தானேன்னு இருந்தேன். மெட்ராஸ்காரங்க பாக்கும்போது நின்னுட்டா மாப்ளய இட்டுக்கினு பூடுவாங்களே.”

ஸ்டெல்லா உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. அந்த வாரம் பெல் அடிக்காமல் இருந்ததை நானும் கவனித்திருந்தேன். மாமாவுக்கு உடம்பு தேறி வருகிறது என்று நினைத்து, அதற்காக ஒரு மெழுகுவத்திகூடக் கொளுத்திவிட்டு வந்திருந்தேன்.

பஞ்சாயத்து மட்டும் அசையவில்லை. குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

“சாட்சிய மறைக்கறது பெரிய தப்பு கண்டக்டரே. எங்க, இப்ப அடிங்க.”

“வேணாங்க.”

“நான் சொல்றேன், அடிங்க.”

டிங்டாங் என்றது. இரண்டு திரைகளும் இருண்டு, எரிந்து, உறைந்தன. பஞ்சாயத்தின் முகத்தில் அப்படியொரு பரவசம். அவர் எழுப்பினார், மாமா அடித்தார், திரை செத்தது. மறுபடியும் எழுப்பினார், மறுபடியும் அடித்தார். இரண்டு பேரும் ஏதோ விளையாட்டுச் சாமான் கிடைத்ததுபோல் அதையே செய்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஸ்டெல்லா, “அக்கம்பக்கத்துல யாரோ விருந்தாளின்னு கதவ தொறந்து பாக்குறாங்க” என்று நிறுத்தினாள்.

பிறகு பஞ்சாயத்து மேசைக்கு அடியில் புகுந்தார். வயிறு வரை புகுந்தார் என்பதுதான் சரி. அங்கிருந்து குரல் வந்தது.

“பெல் ஒயரையும் மானிட்டர் கேபிளையும் ஒண்ணா சேத்துக் கட்டுனது யாரு?”

கட்டியது நான்தான். ஒயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. இரண்டையும் ஒன்றாக முறுக்கி, நீலநிற ரிப்பனால் விரலுக்கு விரல் முடிச்சுப் போட்டு, ஒரே ப்ளக் பெட்டியில் செருகி வைத்திருந்தேன். அடுத்தவர் பிழையைப் பார்த்துப் பார்த்தே சோறு சாப்பிடுகிறவன், என் சொந்த மேசைக்கு அடியில் இருந்த பிழைக்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தேன்.

“பெல்லு அடிக்கும்போது ஒயர்ல ஒரு ஒதப்பு வரும் சார். பக்கத்துல கட்டிப்போட்ட கேபிளுக்கு அந்த ஒத படும். மானிட்டரு பூட்டாருன்னு கம்ப்யூட்டர் நெனைக்கும். அதுக்குள்ள வந்துட்டாருன்னு தெரியும். போனாரா வந்தாரான்னு யோசிச்சே அது நின்னுபூடுது.”

ரிப்பனை அறுத்தார். பெல்லைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டி, அதற்குத் தனியாக வேறு ப்ளக்கில் உயிர் கொடுத்தார். மானிட்டருக்குக் கனமான உறை போட்ட வேறு கேபிள் மாட்டினார். நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அவரை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தோம். சட்டையைத் தட்டிக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் போய் நின்று தீர்ப்பைப் படித்தார்.

“தண்ணி வேணும்னா பெல்லு. பொரண்டு படுக்கணும்னா பெல்லு. போரடிச்சாலும் பெல்லு. இனிமே கண்டக்டர் அடக்கி வெச்சாருன்னு கேள்விப்பட்டேன், நானே வந்து கேபிள அறுத்துடுவேன்.”

திங்கட்கிழமை வந்தது. சென்னை அலுவலகத்து அம்மையார் திரையில் தோன்றி, மூலத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். பக்கங்களை வேகமாக ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தபோது எதிர்ச் சுவரில் டிங்டாங் என்றது.

உறைந்தது நான்தான். திரை உறையவில்லை. அம்பை மெதுவாக நகர்த்திப் பார்த்தேன், நகர்ந்தது.

“யாராவது வந்திருக்காங்களா சார்?”

“இல்லை மேடம். மாமனார். படுக்கையில இருக்கார்.”

“போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இருக்கேன்.”

ஓடினேன். மாமா தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா வேணும்?”

“ஒண்ணும் வேணாம் மாப்ள. ஓடுதான்னு பாத்தேன்.”

“ஓடுது மாமா.”

“அப்ப சரி. போலாம், ரைட்” என்றார்.

வேலை நிலைத்தது. நான் திண்டிவனத்திலேயே இருக்கிறேன். மாமா பெல்லை இப்போது தாராளமாக அடிக்கிறார், பத்திரிகையில் படித்த செய்தியைச் சொல்வதற்குக்கூட.

போன வாரம் பஞ்சாயத்து போன் செய்தார்.

“கிளியனூர்ல ஒரு விசாரணை முடிச்சிட்டு திண்டிவனம் வழியா வந்துக்கினு இருக்கறேன் சார். இன்னா, ஏதாவது நின்னுச்சா?”

“இல்லைண்ணா. ஜம்முன்னு ஓடுது.”

“ஓடுதா.” பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. “இல்ல, நின்னிருந்தா அப்படியே எறங்கி, கண்டக்டரையும் ஒரு வாட்டி பாத்துட்டுப் போலாம்னு நெனச்சேன். ஓடுதுன்னா சரி.”

நான் மேசைக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டாவது மானிட்டரின் கேபிளை உருவினேன்.

“இப்பதாண்ணா நின்னுச்சு. ஜல்தி வாங்க.”